மூத்தவளின் படம்

"படுக்கையறையில இந்தப் படம் எதுக்கு? கழட்டி ஹால்ல மாட்டுங்க," என்றாள், புதிதாக வந்த இரண்டாம் மனைவி.

"மெதுவா பேசும்மா," கணவர் கிசுகிசுத்தார். "மூத்தவ காதுல விழப்போகுது."

"செத்தவங்களுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும். நான் கை வெச்சா முறைப்பா. நீயே கழட்டிடு."

அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"காலையில பிரசங்கத்துல என்ன முழங்கினீங்க, பாஸ்டர் ஐயா? கடைசி நாள்ல தேவதூதன் எக்காளம் ஊதுற வரைக்கும் செத்தவங்க தூங்குறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்களே! சந்தேகப்படுறவன் அவிசுவாசின்னு வேற சொன்னீங்க. சபையே ஆமென் போட்டுச்சு!"

போதகர் படத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மத்தவங்க தூங்குவாங்கம்மா. இவள உனக்குத் தெரியாது. உயிரோட இருந்தப்பவே, தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் கவனிச்சவ!"