வடிவின் இரண்டு வேண்டுதல்கள்

இந்தியாவுக்காகப் பேச்சிமுத்து தொண்ணூறு ஓட்டங்கள் குவித்ததும், பாளையங்கோட்டையில் அவன் மனைவி வடிவு தொலைக்காட்சியின் முன்னே கைகூப்பினாள்.

"பிள்ளையாரப்பா, இந்தியா ஜெயிச்சா நூத்தியெட்டுத் தேங்காய் உடைக்கேன்!"

தோற்ற பக்கத்தில் நிற்பவர் எவராயினும் அவருக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை என்பது இந்த உலகக் கோப்பையின் புது விதி.

இடைவேளையில் எதிரணியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் விதியே. நியூசிலாந்து பேச்சிமுத்துவையே எடுத்துக்கொண்டது. அவர்களின் கறுப்புச் சட்டையணிந்து அவன் மட்டையுடன் வருவதைக் கண்ட வடிவு, கூப்பிய கையைச் சட்டெனப் பிரித்தாள்.

"ஏட்டி, இப்ப இந்தியா ஜெயிச்சா எம்மவன்லா வீட்டுல உக்காருவான்! வேண்டுதல மாத்துட்டி!" என்று அலறினாள் மாமியார் ஆவுடையம்மாள்.

வடிவு பதறிப்போய், நியூசிலாந்தின் வெற்றிக்கும் நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

பேச்சிமுத்து தான் குவித்த ஓட்டங்களைத் தானே துரத்தினான். கடைசிப் பந்தில் ஆட்டம் சமமாயிற்று.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே சாமிகிட்ட ரெண்டு பக்கமும் வேண்டுனா, அவரு பாவம் என்னட்டி செய்வாரு?"

வெற்றியை முடிவுசெய்ய இனிச் சூப்பர் ஓவர் என்றும், அதற்கு முன்னும் ஆள் எடுக்கலாம் என்றும் அறிவிப்பு வந்தது. வடிவு மறுபடியும் கைகூப்பி வாயைத் திறந்தாள். மாமியார் பாய்ந்து வந்து அதைப் பொத்தினாள்.

"பொறுட்டி! அவன் எந்தச் சட்டையில வாரான்னு பாத்துட்டு வேண்டு!"