இருநூறு சவுக்கு

"எந்தப் பாவி வெட்டினான்? அதை மட்டும் சொல்லு."

ஹரிகிருஷ்ணன் காவல்காரி வேண்டாவிடம் கேட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரையே முறைத்தபடி நின்றாள்.

சதுரங்கப்பட்டினம் குப்பத்தை ஒட்டியிருந்த அந்த ஏழு ஏக்கரும் அவருடையது. சுனாமி வந்துபோன மறுமாதமே வாங்கினார். மோட்டார் பம்பு செய்து சம்பாதித்த சொந்தக் காசு. கடலோரமாகச் சவுக்கு, அதன் பின்னால் புன்னை, பூவரசு என்று ஒரு காட்டையே உண்டாக்கினார். விற்பதற்கும் இல்லை, வெட்டுவதற்கும் இல்லை. அடுத்த அலை வந்தால் குப்பத்துக்கு ஒரு தடுப்பாக இருக்கட்டும், பூமியின் சூடு கொஞ்சமாவது தணியட்டும் என்றுதான். நட்ட நாளிலிருந்து ஐந்து வருடமாக அந்தத் தோப்புக்குக் காவல் இருப்பவள் வேண்டா.

பத்து நாள் வெளிநாட்டில் பருவநிலை மாநாடு. இன்று காலை விமானம் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தோப்புக்கு வந்தார். கடலைப் பார்த்த முதல் வரிசைகள் மொத்தமும் காலி. இருநூறு சவுக்கு. மணலில் அடிக்கட்டைகள் மட்டும்தான் மிச்சம். வளர்த்த பிள்ளையை யாரோ அடித்துப் போட்டதுபோல் இருந்தது அவருக்கு.

"எதிர்ல ரிசார்ட் கட்டறானே, அவன் ஆளுங்களா?"

"இல்ல சார்."

"செங்கல் சூளைக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்ப நீதான் வித்திருக்கே."

வேண்டாவின் மூக்கு விடைத்தது. "நா இன்னாத்துக்கு சார் விக்கப் போறேன்? மொத ரெண்டு வருசம் கொடத்துல மோந்து மோந்து தண்ணி ஊத்தனவ நானு. என் இடுப்பக் கேளு, அது சொல்லும்."

"கதை விடாதே. டிராக்டர் தடம் கேட் வழியாப் போயிருக்கு. பூட்டு உடையல. சாவி உன்கிட்டதானே இருக்கு? யார் திறந்து விட்டது?"

"நாந்தான் தொறந்து வுட்டேன்."

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. எவ்வளவு நெஞ்சழுத்தம். மன்னிப்பு இல்லை, அழுகை இல்லை, செய்ததை நிமிர்ந்து நின்று சொல்கிறாள்.

"உலகம் பூரா நாலு மரத்தைக் காப்பாத்தத் தலையைப் பிச்சுக்கிட்டிருக்கான். நான் அங்க போய் இந்தத் தோப்போட போட்டோவைக் காட்டிப் பெருமையாப் பேசிட்டு வரேன். இங்க நீ டிராக்டருக்கு வழி விட்டிருக்கே. வெட்டின சவுக்கு திரும்பத் தழையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரியும் சார். தெரியாதவங்களாண்ட போய்க் கேளு."

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கார் பக்கம் திரும்பினார். செயலாளர் அனு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அனு, போலீஸுக்குப் புகார் எழுது. இவ பேரைப் போட்டே எழுது."

"சார், இப்ப போலீஸ் வேணாமே. சாயங்காலம் மாமல்லபுரத்துல உங்களுக்குப் பசுமைச் செம்மல் பட்டம் குடுக்கறாங்க. பந்தலெல்லாம் போட்டாச்சு, பெரிய பெரிய ஆளுங்க வராங்க. எதுவா இருந்தாலும் நாளைக்கு..."

"மரம் போயிடுச்சுன்னு நான் நிக்கறேன், நீ பட்டத்தைப் பத்திப் பேசறியா? அந்த மேடையிலேயே சொல்லப் போறேன். காட்டை அழிக்கறவன் எங்கேருந்தோ வரதில்ல, காக்கறேன்னு சம்பளம் வாங்கறவங்கதான் அழிக்கறாங்கன்னு."

"சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"எழுதுன்னா எழுது."

அனு கார் பானெட்டின்மேல் தாளை வைத்து எழுதினாள். எழுதி முடித்து நீட்டியதும், ஹரிகிருஷ்ணன் பேனாவை உருவி, ஒரு வரியும் படிக்காமல் கையெழுத்தைப் போட்டார். பச்சை மை. மரம் நடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் வேறு மையைத் தொடுவதில்லை.

வேண்டா எட்டிப் பார்த்தாள். "படிச்சிப் பாத்துக் கையெழுத்துப் போடற பயக்கமே கெடையாதா சார் ஒனக்கு?"

"திமிரைப் பாரு."

"திமிரு இல்ல சார், வயித்தெரிச்சலு. போன வாரம் ஒரு ஆளு இதே பச்சக் கையெழுத்தோட வந்து நின்னான். நா வுடல. ஆபீசுக்குப் போன் போட்டேன். நீ ஊர்ல இல்ல, காயிதத்துல கீற மாரி செய்யின்னு வெச்சிட்டாங்க. அசலக் குடுத்துட்டு அப்பால அரிவாள எட்றான்னு கேட்டு வாங்கி வெச்சிக்கினேன்."

இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவருடைய கம்பெனித் தாள். அவர் விமானம் ஏறிய நாளின் தேதி. அனு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் இரண்டு வரிகள் அவரே பெருமையோடு சொல்லச் சொல்ல அனு குறித்துக்கொண்டவை. 'பட்டமளிப்பு விழாவில் இரும்புக் குழாய் கூடாது. லாரிப் புகையைத் தவிர்க்க, பந்தலுக்கான மரம் இருபது கிலோமீட்டருக்குள்ளிருந்தே வர வேண்டும்.'

மூன்றாவது வரியை இப்போதுதான் படித்தார். 'இந்தச் சுற்றுவட்டாரத்தில் மற்ற தோப்புகள் எல்லாம் மனைகளாகிவிட்டதால், சதுரங்கப்பட்டினத்திலுள்ள எனது தோப்பில் இருநூறு சவுக்கு வெட்டிக்கொள்ள அனுமதிக்கிறேன்.'

அதன் கீழே, பச்சை மையில், அவருடைய கையெழுத்து.

"சாயங்காலம் மாலை போட்டுக்கினு குந்தச்சொல்ல கொஞ்சம் அண்ணாந்து பாரு சார்," என்றாள் வேண்டா. "அம்மாம் மரமும் ஒன் தலைக்கு மேலதான் கீது."