பதினேழாவது கேள்வி

கருத்துக் கேட்புக் கூட்டத்தின் குறிப்பைப் பதினாறாவது கேள்வி வரை வாசித்துவிட்டாள்.

மைக் கையில் வழுக்கியது. சமுதாயக் கூடத்தின் மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் ஓடியது. அதுவும் மேடைக்கு நேர் மேலே. கீழே முந்நூறு பேர் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

பதினேழாவது, ஜெனோவா கேட்டது.

காலையில் மீன் ஏலத்திலிருந்து நேராக வந்திருந்தாள் ஜெனோவா. சேலை ஓரத்தில் செதில் ஒட்டியிருந்தது. மைக்கை வாங்காமலே கேட்டாள்.

"எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள இங்ஙன வைக்கப் போறோம், தற்காலிகமாத்தான்னு சொல்லுதிய. சரி. எந்த வருசம் எடுத்துட்டுப் போவிய? எங்க கொண்டு வைப்பிய? அத மட்டும் சொல்லுங்க."

அணுமின் நிலையத்து அதிகாரி எழுந்தார். தண்ணீர் குடித்தார். புதுக் கட்டடத்தின் சுவர் எத்தனை அடி கனம் என்று சொன்னார். நிலநடுக்கத்தைச் சொன்னார், கடல் சீற்றத்தைச் சொன்னார். நிரந்தரமாக வைக்கும் இடத்தை உரிய காலத்தில் அரசு முடிவு செய்யும், அது முழுக்க அரசின் பொறுப்பு என்றார்.

"வருசம்?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததை எழுத வேண்டும். கூட்டம் கலையும் முன் அதே மக்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். மேடையில் மைக் பிடித்திருந்தவளுக்கு, அரசு ஊழியராகப் பதினொரு வருடமாக அதுதான் வேலை.

சாப்பாட்டு இடைவேளையில் மேலதிகாரி அவள் எழுதியதைப் புரட்டினார். பதினேழில் பென்சிலால் ஒரு வரியை அடித்தார். மேலே எழுதினார்.

'கேள்விக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது.'

"உங்க அரியலூர் மாறுதல் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. திங்கட்கிழமை முடிச்சிரலாம்மா."

அன்பாகத்தான் சொன்னார்.

அரியலூரில் கணவனும் மகளும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு. போன முறை வாசலில் நின்று மகள் கேட்டாள், "சாப்ட்டீங்களா?" விருந்தாளியிடம் கேட்பது போல.

அந்த வரி அவளுக்குப் புதிதில்லை. சாயப்பட்டறைக்கு எழுதியிருக்கிறாள். கல் குவாரிக்கு, தோல் தொழிற்சாலைக்கு. கை தானாக எழுதும்.

குவாரியை என்றைக்காவது மூடிவிடுவார்கள்.

இந்தத் திட்ட அறிக்கையில் நானூற்றுப் பத்தாவது பக்கத்தை நேற்று படித்திருந்தாள். அந்த எரிபொருளின் வீரியம் அடங்க ஆகும் ஆண்டுக் கணக்கு ஐந்து இலக்கத்தில் இருந்தது. அப்போதிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து நான்கு முறை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். கையில் ஒன்றுமில்லை.

இப்போது மேடையில் அந்தக் கேள்வியை வாசித்தாள்.

"பதில்," என்றாள்.

நிறுத்தினாள்.

மைக் இரைந்தது. பென்சில் எழுத்து மெல்லியதாக, வெளிச்சத்துக்குப் பளபளத்தது. மேலதிகாரி தொண்டையைச் செருமினார். ஜெனோவா கிளம்பும் உத்தேசத்தில் நாற்காலிக்கு அடியில் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டும் இடமும் சொல்லப்படவில்லை."

அவள் குரல் கூடத்தின் பின்பக்க ஒலிபெருக்கியிலிருந்து சற்றுத் தாமதமாக அவளுக்கே வந்தது. யாரோ சொன்னது போல இருந்தது.

யாரும் கைதட்டவில்லை.

ஜெனோவாவின் கால் அசைவது நின்றது.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது. எதை வாசித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. முந்நூறு பேர் கேட்டாயிற்று, இனி மாற்ற முடியாது. மேலதிகாரி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மெதுவாக மூடினார்.

"ஜீப்புல இடமில்ல. நீங்க பஸ்ல வந்துருங்கம்மா."

ஜீப்பில் டிரைவரும் அவரும் மட்டும் போனார்கள்.

நிறுத்தத்தில் நிழல் இல்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஜெனோவா காலி மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"மேடம், அந்தத் தாள எங்க வைப்பிய?"

"ஆபீஸ்ல. கோப்புல இருக்கும்."

"எத்தன வருசம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"பத்து வருஷம். அப்புறம் அழிச்சிருவாங்க."

ஜெனோவா கூடையைக் கீழே இறக்கினாள்.

"அப்ப எனக்கு ஒண்ணு எழுதித் தாங்க."

"ஆபீஸ் முத்திரை இல்லாம நான் எழுதிக் கொடுத்தா அதுக்கு மதிப்பில்லம்மா."

"மதிப்பு கெடக்கட்டும். எழுத்து இருக்கணும்லா."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். கைப்பையை மடியில் வைத்து எழுதினாள். கேள்வியை ஜெனோவா கேட்டபடியே எழுதினாள், 'சொல்லுதிய' உட்பட. பதில். தேதி. அடியில் கையெழுத்து.

"பேரும் போடுங்க. கையெழுத்து யாருக்குப் புரியும்?"

போட்டாள்.

ஜெனோவா விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். வாய் அசைந்தது. பெயரை மட்டும் இரண்டு தரம் படித்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஈரக் கையி. நனைஞ்சு போயிரும். இன்னொண்ணு எழுதுங்க."

எழுதினாள்.

பஸ் வந்தது. நின்றது. ஹாரன் அடித்தது. போனது.

இரண்டு தாளையும் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஜெனோவா கூடையைத் தூக்கினாள். "வாரேன் மேடம்," என்றாள். ஊர்ப் பக்கம் நடந்தாள்.

மூன்றாவது தாளை யாரும் கேட்கவில்லை.

அதையும் நோட்டிலிருந்து கிழித்தாள். எழுதத் தொடங்கினாள்.