மஞ்சள் ஸ்வெட்டர்

இலைச்சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு மஞ்சள் என்றால் உயிர். அதனால் மலையிலிருக்கும் தன் திராட்சைத் தோட்டத்தில் பசை தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிட்டு, ஒட்டிய பூச்சிகளை எண்ணி, பத்தைத் தாண்டினால்தான் மருந்தடிப்பார் மொக்கராசு. உடனே அடிக்கச் சொன்ன மனைவி வனப்பேச்சி, நான்கு நாளாக அவரோடு பேசவில்லை.

இன்று காலை உறைபனியில் பசை இறுகிக் கண்ணாடியாகிவிட்டது. இனி எதுவும் ஒட்டாது. அட்டையும் கையுமாக அவர் விழித்துக்கொண்டிருந்தபோது, வனப்பேச்சி தன் மஞ்சள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கொடி வரிசைகளுக்குள் ஒரு சுற்று நடந்து வந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“எண்ணுங்க.”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கம்பளியில் ஒரு பூச்சிகூட இல்லை.

“எம்புட்டு இருக்கு?”

“அசையாம நில்லு புள்ள,” என்றபடி அவள் தோளில் விரலை வைத்தார். “ஒண்ணு...”