தாத்தாவான பஞ்சு

மே மாதம்தான். ஆனாலும் தன் பிறந்தநாளுக்கு வீட்டைக் கிறிஸ்துமஸ் மாதிரியே ஜோடிக்க வேண்டும் என்று ஐந்து வயது பெபினா ஒரே அடம். அம்மா ஒரு பஞ்சுச் சுருளிலிருந்து இரண்டு துண்டு பிய்த்தாள். ஒன்றைப் பிளாஸ்டிக் மரத்தின் மேல் பனியாகத் தூவினாள். இன்னொன்றைக் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மைக்குத் தாடியாக ஒட்டினாள்.

"டேய், ஜோரா இருக்கேடா!" என்று மரத்திலிருந்து கத்தியது பனி.

"என்னது, டேயா? நான் தாத்தா. மரியாதையாப் பேசு," என்றது தாடி.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒண்ணாத்தானே ஒட்டிக்கிட்டுக் கிடந்தோம்!"

"அது அப்போ. இனிமே வாங்க, போங்கன்னு சொல்லு."

"சரிங்க, தாத்தா." பனி சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"வேர்த்து ஊத்துதே," என்று அப்பா ஃபேனை முழு வேகத்தில் போட்டார். பனி பறந்தது. பசை காயாத தாடியும் பறந்தது. "ஐ! பனி பெய்யுது!" என்று பெபினா குதியோ குதியென்று குதித்தாள். பஞ்செல்லாம் சுற்றிச் சுற்றி வந்து, கேக் கிரீமில் ஒரே குவியலாக விழுந்தது.

"தள்ளி உட்காருடா! பெரியவங்க வந்திருக்கோம்ல?" என்றது தாடி.

"இதோ தள்ளிக்கிறேன், தாத்தா. இதுல நீங்க எதுன்னு மட்டும் சொல்லுங்க," என்றது பனி.

தாடி தன்னைத் தேடிப் பார்த்தது. அதற்கே தெரியவில்லை.