தர்மிளா, வயது பத்தொன்பது

காலை ஒன்பது மணிக்குத் தேயிலைத் தோட்டத்துக் கணினி நிலையத்தில் முப்பது பேர் இருக்க வேண்டும். இருந்தது மூன்று பேர்.

வாசலில் கட்டியிருந்த பேனரில் 'திறந்த மூல மென்பொருள் – ஒருநாள் பயிற்சி – 2007' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே, கொழும்புச் சங்கம் ஒன்று இரவலாகக் கொடுத்த ஐந்து கணினிகள். பயிற்சிக்கு முப்பது இளைஞர்கள் வந்தால் ஐந்தும் தோட்டத்துக்கே சொந்தம். ஓர் ஆள் குறைந்தாலும் அவை ருவான்வெல்லை ஊருக்குப் போய்விடும். கணினி போனால் நிலையத்தைப் பூட்ட வேண்டியதுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் கிறேஸ் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

பட்டியலில் முப்பது பெயர் இருந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது ஆசையாகப் பெயர் எழுதிய பிள்ளைகளில் மற்ற இருபத்தேழு பேரும் இப்போது கொழும்புக் கடைகளில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல வேளை, அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. மலையில் வேலை இல்லை. கிறேஸ் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினாள்.

அரை மணி நேரத்தில் கொழுந்தெடுக்கும் மருதாயி, தன்னோடு வேலை செய்யும் இருபத்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"படிப்பிக்க வர்ற சார் உங்க மக பேரைக் கூப்பிட்டா நீங்க கை தூக்கணும். வெத்தலையைத் துப்பிட்டு உள்ள வாங்க. வாயைத் திறக்கவே கூடாது," என்றாள் கிறேஸ்.

"சோத்துப் பார்சல் வரும்போதுமா புள்ள?" என்று கேட்டாள் மருதாயி.

நீல நிற வேன் ஒன்று மேடேறி வந்து நின்றது. அதைத் தானே ஓட்டி வந்தவர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கொழும்புல இருந்து வர்றேன். அஸீஸ்," என்றார்.

அஸீஸ் என்ற நிபுணர் வருவார் என்று கடிதத்தில் இருந்தது. இவ்வளவு படித்தவர் ஓர் உதவியாளர்கூட இல்லாமல் வந்திருக்கிறாரே என்று கிறேஸுக்கு மதிப்புக் கூடியது. கூடவே பயமும். இப்படிப்பட்டவர்களின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அவர் பட்டியலைப் பார்த்துப் படித்தார்.

"தர்மிளா. வயசு பத்தொன்பது."

யாரும் அசையவில்லை. கிறேஸ் இருமினாள். மருதாயி கையைத் தூக்கினாள். அவர் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார்.

"நீங்கதானா தர்மிளா?"

"ஆமாங்க சார். வெயில்ல நின்னு நின்னு கொஞ்சம் முத்திப்போச்சு."

பின்வரிசையில் யாரோ சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

பாடம் தொடங்கியது.

"கணினியை நீங்களே போடுங்க மிஸ். நான் தொடமாட்டேன். நான் தொட்டா நீங்க எப்போ பழகுறது?" என்றார் கிறேஸிடம்.

பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "இப்ப ஒரு வேன் வாங்குறீங்க. பொனட்டைத் திறக்கவே கூடாதுன்னு கம்பெனிக்காரன் பூட்டுப் போட்டுக் கொடுத்தா வாங்குவீங்களா?"

"எங்களுக்கு என்னத்துக்கு சார் வேன்? தெரணியகலைக்குத்தான் பஸ் ஓடுதே," என்றாள் மருதாயி.

"சரி, பஸ்ஸுன்னே வச்சுக்கங்க. நம்ம மென்பொருளுக்குப் பூட்டு இல்லை. திறந்து பார்க்கலாம், கழற்றி நல்லாக்கலாம், அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு பக்கத்து லயத்துக்கும் கொடுக்கலாம்," என்று ஒரு சீடியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த சீடியைக் கொப்பி அடிச்சா பொலிஸ் பிடிக்காதா?" என்று கேட்டாள் மருதாயி.

"பிடிக்காது."

"அடடா, டவுன்ல கடை வச்சிருக்கான் என் மருமகன். இது தெரியாம அவன் படத்தையெல்லாம் ஒளிச்சு ஒளிச்சுல்ல விக்கிறான்."

"படம் வேற, இது வேறம்மா," என்று அவசரமாகச் சொன்னார் அவர்.

பகல் சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. மூன்று இளைஞர்களும் கணினியில் தமிழில் பெயர் அடித்தார்கள். மருதாயிகூட ஒரு விரலால் 'ம' அடித்துவிட்டு, அது திரையில் வந்ததும் யாருக்கும் தெரியாமல் இன்னொன்று அடித்தாள். தப்பித்துவிட்டோம் என்று கிறேஸ் மூச்சுவிட்டாள்.

கடைசியில் கையெழுத்துத் தாள் மேசைக்கு வந்தது. பெண்கள் வழக்கமாகச் சம்பளத்துக்கு நிற்பதுபோல வரிசையாக வந்து நின்றார்கள். நின்றதுமே, பழக்கதோஷத்தில், இருபத்தேழு இடது கைப் பெருவிரல்கள் ஒன்றாக நீண்டன.

கிறேஸ் கண்ணை மூடிக்கொண்டாள். பத்தாம் வகுப்புப் படித்த இளைஞர்கள் என்று அவளே எழுதி அனுப்பியிருந்தாள்.

அவர் விரல்களைப் பார்த்தார். கிறேஸைப் பார்த்தார். பிறகு அலுமாரியின் மேல் கிடந்த மைப்பெட்டியை எடுத்துத் தாமே திறந்து வைத்தார்.

"கைநாட்டுதான் மிஸ் நல்லது. யாராலயும் மாத்த முடியாது."

'முப்பது பேர் பயிற்சி பெற்றனர்' என்று எழுதி, கீழே அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

கணினி தங்கிவிட்டது. ஆனாலும் கிறேஸுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காத மனுஷர். அவரிடம் உண்மையைச் சொல்லி ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்று குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள். கோயில் வளைவில், போனுக்கு சிக்னல் கிடைக்கும் அந்த ஒரே இடத்தில் வேன் நின்றது. அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை அஸீஸ் சார், உங்க கையெழுத்தையும் நானே போட்டுட்டேன், நீங்க கல்யாண வீட்டுல நிம்மதியா இருங்க, ஆனா அடுத்த தடவை என்னை வேன் ஓட்ட மட்டும் கூப்பிடுங்க."