பிளக்கைப் பிடுங்கு

"பிளக்கைப் பிடுங்காம பிட்டைத் தொடாதேன்னு…"

"சுவிட்சுதான் ஆஃபுல இருக்கே!"

"முழங்கை பட்டா ஓட ஆரம்பிச்சிடும். விரல் போயிடும்டி!"

மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டர் மெஷினையும் அதில் சுழலும் வெட்டு முனையான பிட்டையும் மனைவி விடுவதாக இல்லை.

"தூசி படாம கண்ணுக்குப் போடற கண்ணாடி எங்கே? முடி வேற தொங்குது!"

"தொணதொணக்காதீங்க."

அவள் பிட்டைக் கழற்றக் கை நீட்டினாள். கணவன் பதறிப்போய்ச் சுவர்ப் பக்கம் பாய்ந்தான். பிளக் தரையில் கிடந்தது.

"அடிப்பாவி! அப்பவே பிடுங்கிட்டியா?"

தச்சுப் பட்டறைக்காரியான அவள் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்த வயித்தோட என்னால குனிய முடியல. தொட்டிலை நீங்கதான் முடிக்கணும். நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கான்னு பார்த்தேன். பரீட்சையில பாஸ்! இந்தாங்க, மெஷினைப் பிடிங்க. இருங்க இருங்க, மொதல்ல அந்தச் சட்டைக் கையை மடிச்சு விடுங்க. பிள்ளையைத் தூக்க உங்க பத்து விரலும் வேணும்."